பத்துப் புள்ளியோடு சொன்ன ‘பாஸ்’

என் பிரியத்துக்குரிய சம்பந்தி ராமநாதனுக்கு,

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. மும்பை மாட்டுங்கா கிளப்பில் நம் சனிக்கிழமை மதிய பிரிட்ஜ் சீட்டாட்டம் நின்றுவிடவில்லை. எனக்கு எதிரே, கூட்டாளிக்கான உங்கள் நாற்காலியில், இப்போது உங்கள் மகள் மீரா உட்கார்கிறாள். என் மகன் பிரகாஷும் அவளும் பிரிந்து ஆறு வருடம் ஆகியும் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள்.

நன்றாகவே ஆடுகிறாள். பிடிவாதம் மட்டும் அப்படியே உங்களுடையது. நான்கு நிறச் சீட்டும் ஏறக்குறைய சமமாக வந்து, ஏஸுக்கு நான்கு, ராஜாவுக்கு மூன்று என்று எண்ணி, பதினைந்திலிருந்து பதினேழு புள்ளி தேறினால், துருப்பு இல்லாமல் ‘ஒன் நோ டிரம்ப்’ என்று ஏலம் சொல்லிவிட வேண்டும். அதன்பிறகு கூட்டாளி கேட்டாலொழிய வாயைத் திறக்கக் கூடாது. பதினைந்தை வைத்துக்கொண்டு நான் ஆசையில் ஏலத்தில் இன்னொரு படி ஏறினால் முறைக்கிறாள். “உங்க கையை ஒரு தடவை சொல்லியாச்சுப்பா. மறுபடி எதுக்குச் சொல்றேள்?”

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ளாமலே விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

விவாகரத்துத் தீர்ப்பு வந்த வாரம். நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்துத்தான் செம்பூரிலிருந்து கிளம்பினேன். கிளப் மாடி ஏறிப் பார்த்தால் நீங்கள் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பிப் போக வெட்கமாக இருந்தது; எதிரே உட்கார்ந்தேன். நீங்கள் ‘ஒன் நோ டிரம்ப்’ என்றீர்கள். என்னிடமும் சமமான கை, பத்துப் புள்ளி. உங்களுடையதோடு சேர்த்தால் இருபத்தைந்துக்குக் குறையாது. பதின்மூன்று பிடியில் ஒன்பது பிடி, அதாவது ஒன்பது டிரிக், எடுக்க அது போதும். நேரே ‘த்ரீ நோ டிரம்ப்’ சொல்லியிருக்க வேண்டும். நேற்று ஆடப் பழகியவனுக்கும் அது தெரியும். நான் ஏலத்தை ஏற்றாமல் ‘பாஸ்’ என்றேன்.

எண்ணிக்கை தவறவில்லை, சம்பந்தி. கோர்ட் வராந்தாவில் என் மனைவி அழுதுகொண்டு நின்றபோது நீங்கள் எங்களைத் தாண்டிப் போனீர்கள். அது நெஞ்சில் கிடந்தது. உங்களை ஜெயிக்க விடக் கூடாது என்று தோன்றியது. நானும் உங்கள் பக்கம்தான் ஆடுகிறேன் என்பதுகூட அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

ஏலம் எடுத்தவரின் கூட்டாளி செய்யவேண்டிய விதிப்படி என் சீட்டுகளை மேசைமேல் விரித்து வைத்தேன். எதிராளி ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நீங்கள் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துவிட்டு, “தேங்க் யூ, பார்ட்னர்” என்றீர்கள். பத்து டிரிக் எடுத்தீர்கள். என் ‘பாஸி’னால் ஏலம் ஒன்றிலேயே நின்றதால், மூன்றுக்கு வரவேண்டிய போனஸ் வரவில்லை. முகத்தில் எதையும் காட்டவில்லை நீங்கள்.

பிறகு கிங்ஸ் சர்க்கிளில் காபி குடிக்கும்போது, “எண்ணறதுல தப்பு பண்ணிட்டேன்” என்றேன்.

“வயசாறதோல்லியோ” என்றீர்கள். டம்ளரைப் பார்த்தபடியே, “ஞாயித்துக்கிழமை நம்ம பேத்தி எங்காத்துலதான் இருப்பா. நீங்க ரெண்டு பேரும் வாங்கோ” என்றீர்கள்.

நாலு மாதமாகக் குழந்தையைப் பார்க்காமல் என் மனைவி தவித்தது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நான் சொன்ன பொய்யை நம்பித்தான் அழைத்தீர்களா, நம்பாமலா?

இனி, இப்போதைய சேதி. போன சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் மீரா என்னைப் படியருகே நிறுத்தினாள்.

“அப்பா, நான் மறுபடி கல்யாணம் பண்ணிக்கப் போறேன். ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவர். அடுத்த மாசம் ரிஜிஸ்டர் மேரேஜ். சாட்சிக் கையெழுத்து நீங்க போடணும்.”

“யோசிச்சுச் சொல்றேம்மா” என்றேன்.

“முடியலேன்னா வருத்தமில்ல. அப்பா இடத்துல வேற யாரையும் கேக்கத் தோணலை, அவ்வளவுதான்.”

நாலு நாள் யோசித்தேன். பிரகாஷ் எப்படி எடுத்துக்கொள்வான்? அவனை மறைத்துச் செய்வது சரியா? கடைசியில் புனேவுக்குப் போன் போட்டு அவனிடமே சொன்னேன். “போங்கப்பா. அவ அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. வேற யார் இருக்கா அவளுக்கு?” என்றான். பக்கத்தில் நின்று கேட்ட என் மனைவி மறுநாள் காலையிலேயே மீராவுக்குப் புடவை எடுக்கக் கிளம்பிவிட்டாள்.

போய் வருகிறேன், சம்பந்தி. நேரத்தோடு போய்க் கையெழுத்துப் போடுவேன். யார் நீங்கள் என்று அந்த மனிதரின் வீட்டார் கேட்டால், பெண் வீட்டுக்காரன் என்று சொல்வேன்.

என்றும் உங்கள் சம்பந்தி,
கோபாலன்