கப்பல் மூலை

ஏப்ரல் 9, 1987
மாவட்ட அலுவலகத்துக்குப் பதினேழாவது கடிதம் போட்டேன். நீராவிக் கப்பல் துறைக்கான நினைவுப் பலகையைப் பாலத்தருகே நடப்போகிறார்களாம். 1867இல் 'வில்லோ' கப்பல் மூழ்கிய துறை அங்கே இல்லை. மிசூரி ஆறு 1881 வெள்ளத்தில் இரண்டு மைல் கிழக்கே போய்விட்டது. பழைய துறை இப்போது டெல்பர்ட் வாச்செக்கின் மக்காச்சோள வயல்.

ஏப்ரல் 14
அலுவலகத்து லவோன் தொலைபேசியில் சிரித்தாள். "ஆறு இருக்கிற எடத்துலதானே, எமில், துறையும் இருக்கும்?" நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன், ஐம்பது வருடமாகப் பழைய நில வரைபடங்களைப் படிக்கிறவன். இவள் படித்தது கல்லூரி.

மே 2
டெல்பர்ட்டிடமே போனேன். உன் வயலை ஊரே கப்பல் மூலை என்கிறதே, ஏன் என்றேன். நிலம் கப்பல் மாதிரி வளைந்திருக்கிறதாம், அவன் அப்பா சொன்னாராம். வளைவா? சதுரம்! நானே அளந்திருக்கிறேன்.
"பலகை பாக்க வர்றவன்லாம் என் சோளத்த மிதிப்பான். போய் வேலையப் பாரு" என்றான்.

மே 3
மழை.

மே 21
பலகை நடுவது ஜூலை நான்காம் தேதி, பாலத்தருகில்தான் என்று முடிவாகிவிட்டது. ஊரில் இருப்பதே எழுநூறு பேர். ஒருவர்கூட என் பக்கம் இல்லை. நான்தான் தப்பா? அம்பது வருஷமும் தப்பாவே பாத்துட்டு இருந்தேனா? — இல்ல. இல்லவே இல்ல.

ஜூன் 11
காலையில் வாசலில் டெல்பர்ட், கையில் கறுத்த மரத்துண்டு. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போட்டபோது முப்பதடியில் வந்ததாம். ஓக் மரம், அதில் இரும்பு ஆணி. முப்பதடி மணலுக்குக் கீழே போய் ஆணியடித்தது யார் என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.
"சதுரந்தான், எமில்" என்றான்.
காப்பி கொடுத்தேன். பிளம் பழக்கூழ் வைத்த கொலாச்சி ரொட்டியும். இரண்டு.

ஜூலை 4
மரத்துண்டைப் பார்த்தபின் அலுவலகம் இடத்தை மாற்றிவிட்டது; பலகை கப்பல் மூலையில் நிற்கிறது. டெல்பர்ட் நான்கு வரிசைச் சோளத்தைத் தானே வெட்டி வழி விட்டிருந்தான். லவோன் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், கொஞ்சம் அதிகமாகவே. வெளிமாநிலக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் பலகையைப் படித்தார், சுற்றிலும் சோளத்தைப் பார்த்தார், ஆறு எங்கே என்றார். நான் வாய் திறக்கும் முன் டெல்பர்ட் என்னைக் காட்டினான்.
"ஆறு நகந்துருச்சு சார். இவருதான் நகரல."
பலகையில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. பார்த்தேன். இன்று கடிதம் எழுதவில்லை.