வீட்டு வைஃபையில் நிரோவின் ஃபோன்

நவ. 4, திங்கள்
விடியவே மழை. பழைய ரவுட்டர் போன கிழமை இடியோட போச்சு. புதுசு இண்டைக்குப் பூட்டியாச்சு. எங்கட பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டர் ரீச்சர் சுகந்தி பின்னேரம் வந்து செய்து தந்தவ. "பழைய பேரையும் பாஸ்வேட்டையும் அப்பிடியே இதுக்கும் குடுப்பம் ரீச்சர். வீட்டில உள்ளதெல்லாம் தானாப் பிடிக்கும்" எண்டா. உண்மைதான். லப்டொப், ரீவி, பிரின்ரர், எங்கட ரெண்டு ஃபோன், எல்லாம் ஒண்டொண்டாப் பிடிச்சுது. மகன் நிரோ கட்டாருக்குப் போக முதல் போட்டு வைச்ச பாஸ்வேட்.

என்ர ஃபோனில ஒரு அப்பும் போட்டுத் தந்தவ. எங்க இருந்தும் பாக்கலாமாம், வீட்டு வைஃபையில என்னென்ன இணைஞ்சிருக்கு எண்டு. இவருக்கு முகம் கறுத்துப் போச்சு. "அப்ப இனிப் பள்ளிக்கூடத்தில இருந்தும் வீட்டைப் பாப்பியோ?" தேத்தண்ணி குடியாமலே வயலுக்கு.

ஏன் அப்பிடிக் கேட்டவர்?

நவ. 5, செவ்வாய்
பள்ளிக்கூட இன்ரேவலுக்கு அப் கிணுங்கிச்சு. புதுசா ஒரு ஃபோன். பேர் இங்கிலீசில, 'நிரோ'.

வீட்டை வந்து இவரைக் கேட்டன். "ஆரும் வரேல்லை." என்ர முகத்தைப் பாக்கேல்லை.

நிரோ போகேக்க பழைய ஃபோனை ஆருக்கும் குடுத்திட்டுப் போனவனோ? பக்கத்து வீட்டுப் பெடியளுக்கோ? மதிலோரம் ஒருத்தன் ஃபோனும் கையுமா நிண்டவன். பாத்து வைச்சிருக்கிறன்.

யூரியா முடிஞ்சுது. சீனி வாங்கோணும்.

நவ. 6, புதன்
நிரோவோட கதைச்சன். குரல் மட்டும். இப்ப கொஞ்ச நாளா முகம் காட்டுறேல்லை, வேலை இடத்தில கமராவுக்கு விடமாட்டினமாம்.
"உன்ர பழைய ஃபோன் இப்ப ஆரிட்ட?"
"என்னட்டத்தான் அம்மா. அதிலதான் கதைக்கிறன். ஏன்?"
"சும்மா."
அவன்ர பக்கம் சேவல் கூவிச்சு. கட்டாரில, அவன்ர அறைக்குள்ள சேவலோ?

நவ. 7, வியாழன்
அப்பில இண்டைக்கும் 'நிரோ'. சுகந்தியைக் கேட்டன், தூர இருந்து எங்கட வைஃபையைப் பிடிக்கேலுமோ எண்டு. "ஏலாது ரீச்சர். வீட்டுக்குள்ள, மிஞ்சினா வளவுக்குள்ள நிக்கோணும்." ஏன் எண்டு கேட்டா. கதையை மாத்தினன்.

குசினியில ரெண்டு சாப்பாட்டுக் கோப்பை கழுவிக் கவிட்டிருக்கு. தன்ர கோப்பையையே கழுவாத மனுசன். நேற்றையான் மீன்குழம்பும் இல்லை. "நாய்க்குப் போட்டனான்" எண்டார். சட்டி துடைச்ச மாதிரி.

அவன் இஞ்சதான் எங்கேயோ. இவருக்குத் தெரியும். ஏதும் பிழை விட்டு ஒளிச்சுத் திரியிறானோ? பொலிஸ் தேடுதோ? முருகா.

நவ. 8, வெள்ளி
திருப்பியும் 'நிரோ'. அரைநாள் லீவு போட்டு பஸ் ஏறினன். முரசுமோட்டையில இறங்கி, முன்பக்கப் படலை திறக்காமல் பின்வேலியால வந்தன். குசினிக்குள்ள இவற்ற குரல்: "ஆட்டாத. மருந்து காயட்டும்."

கதிரையில நிரோ. மெலிஞ்சு, தாடியோட. இடக்கை இவற்ற மடியில. சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை.

"மெசினுக்குள்ள போட்டுது அம்மா."

வந்து ஒரு மாசமாம். வவுனியாவில மச்சாள், இவற்ற தங்கச்சி வீட்டில நிண்டு ஆஸ்பத்திரியில காட்டுறானாம். நான் பள்ளிக்கூடம் போனாப் பிறகு பஸ்ஸில வந்து தகப்பனைப் பாத்திட்டு, நான் வர முதல் திரும்பிறதாம்.

"உனக்கு நெஞ்சைத் திறந்து ஹாட் ஒப்பரேசன் செய்து வருசமாகேல்லை" எண்டார் இவர். "காயம் ஆறட்டும், பிறகு சொல்லுவம் எண்டு."
"நான் செத்தாப் பிறகோ?"
கத்தினன். கையில இருந்த குடையை எறிஞ்சன். பிறகு அவன்ர தலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன், எவ்வளவு நேரமோ.

நவ. 9, சனி
மழை விட்டிருக்கு. இவரோட கதைக்கிறேல்லை. ஒரு மாசமா எனக்குப் பொய் சொன்ன மனுசன். வேற என்ன மறைச்சு வைச்சிருக்கிறாரோ. மச்சாளும் கூட்டு. ஃபோன் எடுத்தவ, நான் தூக்கேல்லை.

நிரோ ஒண்டு ரெண்டு சொல்லாத்தான் கதைக்கிறான். திரும்பிப் போவியோ எண்டு கேட்டன். "தெரியாது" எண்டான். கையில போட்ட கட்டை அவிழ்த்துக் காட்டு எண்டன். காட்டினான். பாத்தன்.

மத்தியானம் சோறு குழைச்சு அவனுக்கு வாயில தீத்தப் போனன்.
"வலக்கை நல்லாத்தானே இருக்கு அம்மா" எண்டான்.
எண்டாலும் வாயைத் திறந்தான்.