இலை நுனியில் பனி

அன்பு மகளுக்கு,

போனில் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் உன் புகைப்படக் கண்காட்சிக்கு நேற்றுக் காலை போயிருந்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ மத்தியானம்தான் வருவாய் என்றார்கள், நல்லதாகப் போயிற்று. நம் வயல் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக மாட்டியிருந்தார்கள். கீழே ‘மாலை வெயில்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கண்காட்சி நடத்துகிறவரைக் கூப்பிட்டேன்.

“தம்பி, இது சாயங்காலம் இல்ல. ஒவ்வொரு இலை நுனியிலயும் பனி நிக்குது பாருங்க. விடிஞ்சு கால் மணி நேரம்கூட ஆகல.”

“நீங்க யாருங்கய்யா?”

“வயலு என்னுது. படம் எடுத்தது எம் பொண்ணு.”

சத்தமாகத்தான் சொன்னேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கையோடு வேறு தாள் எழுதி ஒட்ட வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அந்தப் படம் எடுத்த காலையில், ‘இதெல்லாம் ஒரு பொழப்பா’ என்று வரப்பில் நின்று நான் கத்தியதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இப்போது கதிர் பழுத்துவிட்டது. அறுவடை மெஷின்காரர் புதன்கிழமையே வருகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையும் வயல் அப்படியே நிற்கும். வரப்பில் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

அப்பா