முதல் இருபது நானோநொடி

மே 6, திங்கள்
கோட்டாறு வீட்டுக்கு வந்து மூன்று நாள். லீவு என்று பேர்தான், லேப்டாப்பை விட்டபாடில்லை. சனிக்கிழமை கடியப்பட்டணம் போக வேண்டும். ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்த சிந்தியா மஞ்சள்காமாலையில் போய் அன்றைக்கு ஒரு வருடம். அவள் அம்மா ரீத்தா என்னைச் சாப்பிட வைக்காமல் விடமாட்டார்.

மே 7
வேறொரு குழுவின் முடிவு வந்திருக்கிறது. நானும் சிந்தியாவும் அளந்து கட்டுரையாக வெளியிட்ட அதே இரும்பு, அதே அழுத்தம். சூடு மட்டும் எங்களுடையதைவிடத் தொள்ளாயிரம் டிகிரி குறைவு. அவர்கள்தான் தப்பு. அப்படித்தானே?

மே 8
இல்லை. எங்கள் பழைய பதிவுகளைத் திரும்பப் பார்த்தேன், தப்பு எங்களுடையது.
ரீத்தாம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்க்கிறேன்: இரும்புத் தகட்டின் மேல் ஒரு கண்ணாடியை ஒட்டுவோம். பின்னாலிருந்து குண்டால் அடிப்போம். அடிபட்ட இரும்பு ஒளிரும். கண் இமைப்பதற்குள் முடிந்துபோகும் அந்த வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால் சூடு எவ்வளவு என்று தெரியும். ஆனால் முதல் இருபது நானோநொடியில் ஒளிர்ந்தது இரும்பு இல்லை, நடுவிலிருந்த பசை. அதன் சூட்டை இரும்பின் சூடு என்று எழுதிவிட்டோம்.
ஒட்டியது சிந்தியாதானே என்றுதான் முதலில் தோன்றியது. சீ.

மே 9
அவளுடைய ஆய்வக நோட்டின் ஸ்கேன் பிரதியைத் தேடி எடுத்தேன். அவள் கையெழுத்து: "பசை தடிமன் அதிகம். மறுபடி ஒட்டி அடிக்கணும். ஷஹ்லா வேண்டாம் என்கிறாள்."
சொன்னேன். கட்டுரைக்குக் கெடு நெருங்கியிருந்தது. "போதும் ஏட்டி" என்றேன். அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எப்படி மறந்தேன்?

மே 10
கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை.

மே 11, சனி
கோவிலில் நினைவுப் பூசை முடிந்து ரீத்தாம்மா வீட்டுக்குப் போனோம். சிந்தியா படத்துக்குக் கீழே அந்தக் கட்டுரையின் முதல் பக்கம், சட்டம் போட்டு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாலை. சாப்பிட்ட பிறகுதான் கட்டுரை தப்பு என்று சொன்னேன்.
"தப்பு ஆரு மேல மக்கா, அவ மேலயா?" என்று ரீத்தாம்மா கேட்டார்.
"எம் மேல. அவ அப்பவே சொன்னா. நான் கேக்கல்ல."
சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்தார்.
"அப்போ இத எறக்கணுமா?"


மே 12
அனுப்பிவிட்டேன். சந்தேகத்தை முதலில் எழுப்பியவர் சிந்தியா, அதை மறுத்தது நான் என்று சேர்த்து.

ஜூன் 20
ஆய்விதழில் அறிவிப்பு வெளியானது. ஒரு பிரதி எடுத்துக்கொண்டு கடியப்பட்டணம் வந்தேன். "அவ சொன்னது எங்க இருக்கு?" என்று ரீத்தாம்மா கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். மகள் பேரை எழுத்தெழுத்தாகத் தடவினார். சட்டத்தைக் கழற்றி, பழைய தாளை எடுத்துவிட்டு இதை வைத்தார். பழையதை மடிக்காமல் என்னிடம் நீட்டினார்.
"இது உனக்குள்ளது. கொண்டு போ."
கோபமாகச் சொல்லவில்லை. வாசல் வரை வந்தார்.
சாப்பிட்டுப் போ என்று மட்டும் சொல்லவில்லை.