கோயில் என்று நினைத்த கோட்டை

சேசு மரி சூசை துணை

தாழ்வுபாடு,
12.3.1986

அன்பு மகன் அருட்பிரகாசத்துக்கு அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் நானும் அப்பாவும் நோய்நொடியில்லாமல் இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று மன்றாடுகிறேன். நீ தையில் அனுப்பிய படம் கிடைத்தது. ஆற்றங்கரையில் உயர்ந்த கோபுரங்களோடு ஒரு கட்டிடம், கீழே ஒரு வள்ளம். இது இன்னதென்று ஒரு வரி எழுதி வைத்தாயா? கோபுரத்தைக் கண்டதும் அங்குள்ள பெரிய கோயிலாக்கும் என்று நினைத்து, சாஹுல் ஹமீட்டின் கடையில் கண்ணாடி போடுவித்து அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். உனக்கு அங்கே இருக்க அனுமதி கிடைக்க வேண்டுமென்று தினமும் செபமாலை சொல்லி மெழுகுதிரி கொளுத்தினேன். பக்கத்து வீட்டு அருளம்மாவும் தன் முழங்கால் நோவுக்காக வந்து மன்றாடினாள். போன ஞாயிறு வீடு மந்திரிக்க வந்த சுவாமியார் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எடித், இது கோயில் இல்லை, கோட்டை. உச்சியிலை சிலுவை எங்கை? கொடியெல்லோ பறக்குது" என்றார்.

எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. மன்னார்க் கோட்டையைக் கடக்கும்போதே ஆமிக்காரருக்குப் பயந்து தலை குனிந்து போகிறவள், ஒரு கோட்டைக்கு முன்னால் நாற்பது நாள் முழந்தாளிட்டிருக்கிறேன். உன்மேலிருந்த கோபத்தில் அப்பாவை ஏசி, படத்தைக் கழற்றச் சொன்னேன். அவர் கழற்றி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "இஞ்சை பார், எங்கடை வள்ளத்துப் பாய். கோதுமை மாச்சாக்குத் துணியாலை ஒட்டுப் போட்டிருக்கு. இது அவன் தன்ரை கையாலை கீறின படம்" என்றார். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். ஓம், நான் தைத்த ஒட்டுத்தான். கோட்டையின் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகக் கீறியிருக்கிறாய். வேலைக்குப் போவதாக அல்லவா எழுதினாய், வேலைக்குப் போகிறவனுக்கு இவ்வளவு நேரம் ஏது மகன்? அப்படியென்றால் உன் அகதி வழக்கும் முடியவில்லை, இன்னும் அந்த அகதி முகாமில்தான் தனியே இருக்கிறாய். அம்மாவுக்கு ஒளிக்காதே. பொய் எழுதினதற்குத்தான் கோபம், அதுவும் இவ்வளவு எழுதுவதற்குள் போய்விட்டது.

படம் திரும்பவும் பழைய ஆணியில்தான் இருக்கிறது. திரியும் எரிகிறது, கோட்டைக்கில்லை, வள்ளத்துக்கு. அருளம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கு முழங்கால் நோவு குறைந்துவிட்டதாம்.

காதை மூடிக் கட்டிக்கொண்டு வெளியே போ. பெரிய வியாழனுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய், இந்தப் பொய்யையும் சேர்த்துச் சொல். அந்தோனியார் உன்னைக் கைவிடமாட்டார். படத்தில் ஒரேயொரு குறை, வள்ளத்தில் ஆளில்லை. இனிக் கீறினால் உன்னை அதில் இருத்திக் கீறு. மெலிந்திருந்தால் மெலிந்தபடியே கீறு மகன்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா எடித்