அறிவிப்புப் பலகையில் ஒரு பக்கம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம். போனில் பேசினால் நீ குரலை உயர்த்துவாய், நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதனால்தான் இந்த மின்னஞ்சல். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

நான் நூலகராக இருக்கிற பள்ளிக்கே, ஒரு நாவலைத் தடை செய்யச் சொல்லிப் புகார் அனுப்பியிருக்கிறாய். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலைமையாசிரியை அதை என் மேசையில் வைத்து, "உங்க தம்பியாமே, உங்ககிட்டகூடச் சொல்லலையா?" என்று கேட்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

தாய் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட வீட்டில் ஒரு பெண் வளர்கிற கதை அது. பிள்ளைகளின் மனதைக் கெடுக்கும் என்று எழுதியிருக்கிறாய். எந்தப் பிள்ளையை நினைத்து எழுதினாய் என்று எனக்குத் தெரியாதா? நம் வாலுவின் அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது. மாரடைப்பு என்று சொல்லச் சொன்னாய், எல்லோரும் அப்படியே சொன்னோம். என் வீட்டில் இருந்துகொண்டு என் பள்ளியிலேயே படிக்கிற உன் மகளுக்கு இப்போது பதினைந்து வயது, தம்பி.

ஒன்றை நீ விசாரிக்காமல் விட்டுவிட்டாய். எங்கள் பள்ளியில் ஒரு புத்தகத்தின் மேல் புகார் வந்தால், ஆட்சேபித்த பக்கத்தை நகலெடுத்து, புகார் கொடுத்தவர் பெயரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். எதுவும் மறைவில் நடக்கக் கூடாதென்று பெற்றோர்களே சண்டை போட்டு வாங்கிய விதி. ஒட்டுவது என் வேலை, ஒட்டினேன். அதுவரை எடுத்துப் படிக்க ஆளில்லாமல் கிடந்த நாவல் அது. இப்போது சாப்பிடப் போகிற பிள்ளைகளெல்லாம் பலகை முன்னால் நிற்கிறார்கள். எது அவள் கண்ணில் படக்கூடாதென்று நினைத்தாயோ, அதை உன் பெயர் போட்டு நீயே காட்டிவிட்டாய். சிரிப்பதா அழுவதா?

வாலு அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் நூலகத்துக்கு வந்து, "அத்தை, இந்தப் பக்கத்தப் பாத்து அப்பா ஏன் இவ்ளோ பயப்படறாரு?" என்று கேட்டாள். நான் புத்தகம் அடுக்குவதுபோல் பாவனை செய்தேன். அவள் என்ன குழந்தையா, ஏமாற?

வெள்ளிக்கிழமை விசாரணைக் கூட்டம். நாவல் இருக்கட்டும் என்று பேச, மாணவர்களில் ஒருத்திதான் பெயர் கொடுத்திருக்கிறாள். யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. "வேண்டாம் கண்ணு" என்று கெஞ்சிப் பார்த்தேன். "வீட்ல கேட்டா எல்லாரும் வாய மூடிக்கிறீங்க. அங்கயாவது கேக்கறேன்" என்கிறாள். பிடிவாதத்தில் உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

புகாரைத் திரும்ப வாங்கு என்று நான் கேட்கவில்லை. கூட்டத்தில் நான் புத்தகத்தின் பக்கம்தான் பேசுவேன், தம்பி என்றெல்லாம் பார்க்க மாட்டேன். அதைச் சொல்ல இந்தக் கடிதம் தேவையில்லை.

நேற்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே கேட்டாள்: "அம்மா போன அன்னிக்கு நான் ரொம்ப அடம் பிடிச்சேனா அத்தை?" ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். "இல்லடா, உன்னால எதுவும் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையை ஆட்டினாள், நம்பவில்லை. இத்தனை வருடம் பொய் சொன்ன வாயை அவள் எப்படி நம்புவாள்?

வெள்ளிக்கு முன்னால் அவளைப் போனில் கூப்பிடு. புத்தகப் பேச்சை எடுக்காதே, அவள் அம்மாவைப் பற்றிப் பேசு. பேச்சு வராவிட்டால் அழு, பரவாயில்லை. நீயும் இத்தனை வருடம் அதே கேள்வியை உன்னையே கேட்டுக்கொண்டுதான் அவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்: உன் மேல் தப்பில்லையடா. இதையே அவளுக்கு நீ சொல்லு.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா