உள்ளங்கையில் ஒரு கேள்வி

சிஹாரு,

ஒசாகாவில் குடியை விட்டவர்கள் கூட்டத்துக்குப் போய்வந்தேன். உன் அம்மாவிடமும் சொல். எனக்குக் காது கேளாது, யாராவது எழுதிக் காட்டுங்கள் என்று சீட்டு நீட்டினேன். "இங்க பேசுறத எழுதக் கூடாதுங்க" என்று தலைவர் எழுதித்தான் காட்டினார்! எல்லோரும் கைதட்டும்போது நானும் தட்டினேன். ஒருமுறை நான் மட்டும் தட்டிவிட்டேன். எதிரே ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

எழுந்துவிடப் பார்த்தேன். பக்கத்திலிருந்த ஹிராயாமா அம்மா என் கையை இழுத்து, உள்ளங்கையில் விரலால் எழுதினார்: "தாள்லதானே கூடாது?"

எல்லோர் கதையையும் அப்படியே எழுதினார். கூசியது.

கடைசியாக, "நீங்க குடிக்காம எத்தனை நாளு?"

நான் குடிக்கவில்லை என்று நம்பி, நாளுக்கொன்றாக நீ நாள்காட்டியில் ஒன்பது கோடு போட்டிருப்பாய், சிஹாரு.

நான் ஒரு விரலைக் காட்டினேன்.

வியாழக்கிழமையும் போவேன்.

உன் வீட்டுக்காரன்